எந்த வருஷத்து சூப்பர்மேன் வேண்டும்? - சான் டியாகோ ஓவியர் சந்தில் ஓர் உலா

ஜூலை மாதத்தில் சான் டியாகோ நகரின் சிவப்பு நிற டிராலி ரயிலில் ஏறினால், பக்கத்து சீட்டில் பேட்மேன் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருப்பார். எதிரே, கைக்குழந்தையைத் தோளில் சாய்த்தபடி ஒரு வொண்டர் வுமன் நிற்பார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில், மெக்ஸிகோ எல்லையை ஒட்டி, பசிபிக் கடலோரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு அது திருவிழா வாரம். திருவிழாவின் பெயர், காமிக்-கான்.

புதன்கிழமை மாலை வெள்ளோட்டம். வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள்கள் முழுக் கொண்டாட்டம். 1,30,000 பேருக்கு மேல் வருகிறார்கள். பாய்மரங்களை விரித்து வைத்ததுபோல வெள்ளைக் கூரை போட்ட கன்வென்ஷன் சென்டர்தான் திருவிழாத் திடல். எதிரே கேஸ்லாம்ப் குவார்ட்டர் என்ற பழைய கடைவீதி. அந்த வாரம் அங்கிருக்கும் ஹோட்டல் சுவர்கள்கூட புதுப்பட விளம்பரங்களைப் போர்த்திக்கொண்டு நிற்கும்.

வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஓடுவது 'ஹால் எச்' என்ற பெரிய அரங்குக்கு. ஹாலிவுட் நட்சத்திரங்கள் மேடையேறும் இடம் அது. ஆறாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். அங்கே இடம் பிடிக்க முந்தைய நாள் இரவே வெளியே படுக்கை விரித்துப் படுத்துவிடுகிறார்கள். முதல் நாள் முதல் காட்சிக்கு நம்மூர் தியேட்டர் வாசலில் காத்துக்கிடக்கும் கூட்டத்தைக் கடல் காற்றில் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இந்தக் கூச்சலுக்கெல்லாம் ஒதுங்கி, கண்காட்சி அரங்கின் ஓர் ஓரத்தில் இன்னோர் உலகம் இருக்கிறது. 'ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆலி' என்று பெயர். நாம் ஓவியர் சந்து என்று சொல்லலாம். வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் ஓர் ஓவியர். மேசைமேல் கறுப்பு அட்டை போட்ட ஆல்பம், பென்சில் டப்பா, தூரிகை, மார்க்கர் பேனாக்கள், ஒரு விலைப்பட்டியல். தலை நிமிராமல் வரைந்துகொண்டிருக்கிறார்கள். சுற்றி நிற்பவர்கள் கோயிலில் கோலம் போடுவதைப் பார்ப்பதுபோல மூச்சுவிடாமல் பார்க்கிறார்கள்.

அளவு கொடுத்து வரையவைப்பது

இங்கே நடக்கும் வியாபாரத்துக்கு 'கமிஷன்' என்று பெயர். நம்மூரில் கமிஷன் என்றால் புரோக்கருக்குக் கொடுப்பது. ஓவியர் சந்தில் அதன் அர்த்தம் வேறு. தையல்காரரிடம் துணியையும் அளவையும் கொடுத்து, கழுத்து இப்படி, கை இப்படி என்று சொல்லித் தைத்து வாங்குகிறோமே, அதுமாதிரி ஓவியரிடம் சொல்லி, தனக்கென்று ஒரு படம் வரைந்து வாங்குவது. அச்சடித்த போஸ்டர் ஆயிரம் பேர் வீட்டில் இருக்கும். இந்தப் படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

விலைப்பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். முகம் மட்டும் ஒரு விலை, இடுப்பு வரை ஒரு விலை, முழு உருவம் ஒரு விலை. பென்சிலோடு நிறுத்தினால் குறைவு. மை தீட்டினால் அதிகம். வண்ணமும் கேட்டால் இன்னும் அதிகம். பின்னணியில் கட்டடமோ, கூடவே ஒரு வில்லனோ வேண்டுமென்றால் தனிக்கணக்கு. இளம் ஓவியர் என்றால் சில பத்து டாலர்களில் ஒரு முகம் கிடைத்துவிடும். பெயர் பெற்றவர் முழு உருவம் வரைந்தால் ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

வரைவதற்கு பிரிஸ்டல் போர்டு என்ற வழவழப்பான கெட்டித் தாள். வழக்கமான அளவு 11-க்கு 17 அங்குலம். இன்றைய காமிக்ஸ் பக்கங்களும் இந்த அளவில்தான் வரையப்பட்டு, பிறகு சிறிதாக்கி அச்சிடப்படுகின்றன. சிலர் தாளுக்குப் பதில் தாங்களே தடித்த நோட்டுப்புத்தகம் கொண்டு வருவார்கள். ஒரே கதாபாத்திரத்தை, ஆண்டுதோறும் வெவ்வேறு ஓவியர்களிடம் கொடுத்து, பக்கம் பக்கமாக நிரப்புவார்கள். நோட்டு நிரம்பவே பல வருஷங்கள் ஆகும். முன் அட்டையை வெற்றிடமாக விட்டே பதிப்பகங்கள் சில இதழ்களை வெளியிடுகின்றன. அந்த வெள்ளை அட்டையில் வரைந்து வாங்குவோரும் உண்டு.

'சூப்பர்மேன் வேண்டும்' என்று மேசைக்கு முன்னால் போய் நின்றால், ஓவியர் உடனே பென்சிலை எடுத்துவிட மாட்டார். 'எந்த சூப்பர்மேன்?' என்பார். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துதான் பலர் வருகிறார்கள். செல்போனைத் திறந்து, எண்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு பழைய அட்டைப்படத்தைக் காட்டுகிறார்கள். சினிமாவில் பளபளக்கும் புதுக் கவசங்கள் எத்தனை வந்தாலும், சந்தில் மவுசு பழைய சட்டைக்குத்தான்.

பேன்ட்டுக்கு மேல் ஜட்டி

'பேன்ட்டுக்கு மேல் ஜட்டி போட்டவர் யார்?' என்று பள்ளிக்கூடத்தில் கேலி பேசாதவர்கள் குறைவு. அந்தச் சிவப்பு ஜட்டிக்கு ஒரு கதை உண்டு. 1938-ல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் அறிமுகமானபோது, அமெரிக்க மக்களுக்கு பலசாலி என்றால் கண் முன் வந்தவர் சர்க்கஸ் பயில்வான். அவர் உடம்போடு ஒட்டிய இறுக்கமான உடுப்பும், அதன்மேல் ஒரு லங்கோடும் அணிந்திருப்பார். ஓவியர் ஜோ ஷஸ்டர் அந்த உடுப்பைத்தான் தன் நாயகனுக்குப் போட்டுவிட்டார். கூடவே ஒரு சால்வை. காற்றில் பறக்கும் அந்தத் துணிதான், அசையாத படத்தில் வேகத்தைக் காட்டியது. மார்பில் இருந்த 'எஸ்' எழுத்தும் இன்றைய வைர வடிவத்துக்குள் இல்லை. போலீஸ் பேட்ஜ் மாதிரி சின்னதாக இருந்தது.

2011-ல் டி.சி. நிறுவனம் தன் நாயகர்களுக்குப் புதுக்கோலம் போட்டபோது சூப்பர்மேனின் ஜட்டியைக் கழற்றிவிட்டது. ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? ஏழு வருஷம் முணுமுணுத்தார்கள். 2018-ல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' ஆயிரமாவது இதழில் சிவப்பு ஜட்டி திரும்பி வந்தது. 2025-ல் வெளியான 'சூப்பர்மேன்' திரைப்படத்திலும் அது இருந்தது.

கேப்டன் அமெரிக்காவின் கேடயமும் இப்படித்தான். இன்று குழந்தைகள் கையில் வைத்து விளையாடும் வட்டக் கேடயம் முதல் இதழில் கிடையாது. ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் 1941-ல் உருவாக்கிய முதல் இதழில், கீழே கூம்பிய பழங்காலக் கேடயம்தான். அதே சாயலில் ஏற்கெனவே ஒரு நாயகனை வைத்திருந்த இன்னொரு பதிப்பகம் ஆட்சேபம் எழுப்பியது. இரண்டாவது இதழிலேயே கேடயம் வட்டமாகிவிட்டது. ஒரே ஓர் இதழில் வந்து போனதால், அந்தக் கூம்புக் கேடயத்தைக் கேட்டு வாங்குவதில் ரசிகர்களுக்குத் தனிப் பெருமை.

ஹல்க் 1962-ல் வந்தபோது பச்சை நிறம் இல்லை, சாம்பல் நிறம். அந்தக் காலத்து அச்சில் சாம்பல் ஒரே சீராக விழவில்லை. ஒரு பக்கத்தில் வெளுத்தும், அடுத்த பக்கத்தில் கறுத்தும் போனது. அடுத்த இதழிலேயே பச்சைக்கு மாற்றிவிட்டார்கள். டேர்டெவில் 1964-ல் மஞ்சள் உடையில் வந்து, மறு வருஷமே முழுச் சிவப்புக்கு மாறினார். 1941-ல் வந்த வொண்டர் வுமன் நட்சத்திரம் பதித்த பாவாடை அணிந்திருந்தார். 1939-ல் வந்த பேட்மேனின் கையுறை ஊதா நிறம்.

இதையெல்லாம் வரைவது எளிது என்று நினைத்துவிடக் கூடாது. மலிவான செய்தித்தாள் காகிதத்தில் நான்கே மைகளை வைத்து அச்சிட்ட காலம் அது. அதனால்தான் உடைகள் பளிச்சென்ற சிவப்பு, நீலம், மஞ்சளில் இருந்தன. கறுப்பு முடியின் பளபளப்பைக் காட்ட நீலம் பூசினார்கள். பேட்மேனின் கறுப்புச் சால்வை நாளடைவில் நீலமாகவே மாறிப்போனது இப்படித்தான். இன்று வண்ண மார்க்கர் வைத்திருக்கும் ஓவியருக்கு எந்த நிறமும் கிடைக்கும். ஆனால், அந்தக் காலத்து சட்டை அந்தக் காலத்து சட்டையாகத் தெரிய வேண்டுமென்றால், நான்கு மைக்குள் அடங்கிய அந்தக் கட்டுப்பாட்டை அவர் தானாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும். தசையை இன்றைய பாணியில் முறுக்கிக் காட்டாமல், எளிய கோட்டில் நிறுத்த வேண்டும். தெரிந்தவர் கை அங்கேதான் தெரியும்.

130 டாலர்

அந்தச் சட்டைகளை முதலில் தைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் கிளீவ்லாந்து நகரத்துப் பையன்கள். பள்ளிக்கூட நண்பர்கள். 1938-ல் பதிப்பகம் அவர்களுக்கு அனுப்பிய காசோலையில் சூப்பர்மேனுக்கான தொகை 130 டாலர். அந்தப் பணத்தோடு கதாபாத்திரத்தின் மொத்த உரிமையும் கைமாறிவிட்டது. பிறகு நீதிமன்றம் போனார்கள், பலன் இல்லை. கதைகளிலிருந்து அவர்களின் பெயர்களும் காணாமல்போயின. 1970-களில் ஷஸ்டருக்குப் பார்வை ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. பெரிய பட்ஜெட்டில் சூப்பர்மேன் சினிமா தயாராகிறது என்ற செய்தி வந்தபோது சீகல் மனம் பொறுக்காமல் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் என்ற இரண்டு ஓவியர்கள் அவர்களுக்காகக் களத்தில் இறங்கினார்கள். 1975 டிசம்பரில் நிறுவனம் பணிந்தது. இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியம், மருத்துவச் செலவு. எல்லாவற்றுக்கும் மேலாக, கதையில் மீண்டும் அவர்கள் பெயர்.

அந்த 130 டாலர் காசோலை 2012-ல் ஏலத்துக்கு வந்து 1,60,000 டாலருக்குப் போனது. 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரு பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்கு விற்றது.

பேட்மேன் கதை இன்னும் வேதனை. பாப் கேன் முதலில் வரைந்த பேட்மேனுக்குச் சிவப்பு உடுப்பு, விறைப்பான இறக்கை, கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடி. தலையை மூடிய காது வைத்த முகமூடி, இறக்கைக்குப் பதில் சால்வை, சாம்பல் நிற உடை, கையுறை என்று இன்று உலகமே அறிந்த கோலத்துக்கு யோசனை சொன்னவர் எழுத்தாளர் பில் ஃபிங்கர். ஆனால், இதழில் வந்த பெயர் பாப் கேன் ஒருவருடையது மட்டுமே. ஃபிங்கர் 1974-ல் இறந்தார். 'பில் ஃபிங்கருடன் சேர்ந்து உருவாக்கியது' என்ற வரி அதிகாரபூர்வமாக இடம்பெற 2015 வரை ஆனது. அவர் பெயரில் ஒரு விருது 2005 முதல் இதே சான் டியாகோவில், காமிக்-கான் நாள்களில் வழங்கப்படுகிறது. உரிய பெயரும் மரியாதையும் கிடைக்காமல்போன காமிக்ஸ் எழுத்தாளர்களுக்கான விருது அது.

அப்போது ஓவியர்கள் வரைந்த பக்கங்கள்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. அச்சானதும் பதிப்பகம் வைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கிழித்துப் போடும். 1970-களில் ஓவியர்கள் போராடிய பிறகுதான் பக்கங்களைத் திருப்பித் தரும் வழக்கம் வந்தது. கேப்டன் அமெரிக்கா முதல் ஹல்க் வரை வரைந்த ஜாக் கிர்பிக்கு அதிலும் சோதனை. மற்ற ஓவியர்களிடம் ஒரு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய மார்வெல் நிறுவனம், அவரிடம் மட்டும் நான்கு பக்க ஒப்பந்தத்தை நீட்டியது. அவர் மறுத்தார். சக ஓவியர்கள் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். கடைசியில் 1987-ல் சுமார் 2,000 பக்கங்கள் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அவர் அந்த நிறுவனத்துக்கு வரைந்தவற்றில் அது சிறு பகுதிதான்.

இதைத் தெரிந்துகொண்டு ஓவியர் சந்துக்குத் திரும்பினால், அந்தச் சின்ன மேசை வேறு மாதிரி தெரியும். நடுவில் பதிப்பகம் இல்லை. வக்கீல் இல்லை. வரைபவர் கையில் நேரடியாகப் பணம். வரைந்த தாள் நேரடியாக வாங்குபவர் கையில். சினிமாவில் கோடிகளைக் கொட்டும் ஒரு நாயகன், அவனை வரைந்து வளர்த்தவருக்கு ஒரு மாத வாடகையைக் கொடுக்கும் இடம் இது.

97 வயது வரை

ரமோனா ஃப்ரேடன் என்ற ஓவியரின் வாழ்க்கை இதற்கு நல்ல சாட்சி. 1926-ல் பிறந்தவர். சூப்பர் ஹீரோ படம் வரைய வந்த பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த 1951-ல், அக்வாமேன் தொடரை வரைய ஆரம்பித்தார். ஆரஞ்சு நிறச் செதில் சட்டை, பச்சைக் கால்சட்டை போட்ட, தலைமுடி படிய வாரிய, சாந்தமான முகம்கொண்ட அக்வாமேன். பத்து வருஷம் அந்த முகம் இவர் கையில் இருந்தது. அக்வாமேனின் சிறுவயதுத் தோழன் அக்வாலேடும், பிறகு மெட்டமார்ஃபோ என்ற நாயகனும் இவர் பங்கில் உருவானவர்கள். அக்வாமேனை உருவாக்கியவர்கள் வேறு இருவர். ஆனால், ஒரு தலைமுறைக்கு அக்வாமேன் என்றால் ஃப்ரேடன் வரைந்த முகம்தான்.

2018-ல் அக்வாமேன் படம் வந்தபோது, தாடியும் பச்சை குத்திய உடம்புமாக வந்த நாயகன் கடைசியில் அதே ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்து நிற்பார். தியேட்டரில் விசில் பறந்த காட்சி அது. அந்தக் காலகட்டத்தில், தொண்ணூறு வயதைத் தாண்டிய ஃப்ரேடன், ரசிகர்கள் சொல்லிக் கேட்ட அக்வாமேன்களை ஒவ்வொன்றாக வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கேட்டது அந்தப் பழைய ஆரஞ்சு சட்டையைத்தான். 2006-ல் காமிக்ஸ் உலகின் உயரிய கௌரவங்களில் ஒன்றான ஐஸ்னர் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் இடம்பெற்றார். 2024 ஜனவரியில், 97-வது வயதில், 'இனி கமிஷன் எடுப்பதில்லை' என்று ஓய்வை அறிவித்தார். அடுத்த மாதமே காலமானார்.

அவரைப்போன்றவர்கள் வேகமாக மறைந்துவருகிறார்கள். சீகலுக்கும் ஷஸ்டருக்கும் போராடிய நீல் ஆடம்ஸ், மாநாடுகளில் தவறாமல் மேசை போட்டவர், 2022-ல் போய்விட்டார். அதே வருஷம் ஜார்ஜ் பெரஸ். அடுத்த வருஷம், உல்வரினின் முதல் உடையை வடிவமைத்த ஜான் ரோமிட்டா. அந்தப் பழைய சட்டைகளை முதன்முதலில் வரைந்த கைகளிலேயே அதை வாங்கும் வாய்ப்பு வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட இளைய கைகள்தான் இனி அதைத் தொடர வேண்டும்.

வயதான கலைஞர்களின் இன்னொரு கவலை மருத்துவச் செலவு. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, காப்பீடும் இல்லை. அவர்களுக்கு உதவ 2000-ல் தொடங்கப்பட்டது 'ஹீரோ இனிஷியேட்டிவ்' என்ற அறக்கட்டளை. நூறு ஓவியர்களிடம் வெள்ளை அட்டை இதழ்களைக் கொடுத்து, ஒரே நாயகனை நூறு விதமாக வரையவைத்து, அவற்றை ஏலம் விட்டு நிதி திரட்டுவது அதன் வழக்கம். வாடகைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பணம் போகிறது.

உரிமை யாருக்கு?

ஒரு சந்தேகம் எழலாம். சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் பெரிய நிறுவனங்களின் சொத்து. அவர்களை ஓவியர் வரைந்து விற்கலாமா?

சட்டப் புத்தகத்தைத் திறந்தால் பதில் ஓவியருக்குச் சாதகமாக இருக்காது. ஆனால், நிறுவனங்கள் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. தங்களிடம் வேலை செய்பவர்களே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஒரு காரணம். ரசிகர் கூட்டத்தை உயிரோடு வைத்திருப்பதே இந்த மேசைகள்தான் என்பது இன்னொரு காரணம். தாளில் ஒன்றே ஒன்றாக வரைந்து தருவதைப் பொறுத்துக்கொள்வார்கள். அதையே ஆயிரம் பிரதி அச்சடித்து விற்றால் நிலைமை மாறலாம்.

அந்த நிம்மதி ஒருமுறை ஆட்டம் கண்டது. நெருப்பு மண்டையோட்டு நாயகன் 'கோஸ்ட் ரைடர்' உருவானதில் பங்குள்ள எழுத்தாளர் கேரி ஃப்ரீட்ரிச், அதன் உரிமை கேட்டு மார்வெல்மீது வழக்குத் தொடுத்தார். தோற்றார். அவர் அந்தக் கதாபாத்திரத்தின் படங்களை விற்றதைக் காட்டி நிறுவனம் எதிர்வழக்கு போட்டது. 2012-ல் அவர் 17,000 டாலர் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. ஓவியர்கள் மத்தியில் கலக்கம். 'மாநாடுகளில் ஓவியர்கள் வரைந்து தருவதைத் தடுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை' என்று நிறுவனத்தின் தலைமையே விளக்கம் சொல்லவேண்டி வந்தது. மறு வருஷம் மேல்முறையீட்டு நீதிமன்றம் முந்தைய தீர்ப்பை ரத்துசெய்ய, இரு தரப்பும் சமரசமாகப் போயின. சந்தில் பென்சில்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால், அது உரிமையால் ஓடவில்லை. பொறுமையால் ஓடுகிறது என்பது ஓவியர்களுக்குத் தெரியும்.

போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், பேரக் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு தாராளமாகப் போகலாம். ஆனால், வாசலில் டிக்கெட் கிடைக்காது. பல மாதங்களுக்கு முன்பே இணையத்தில் கணக்குத் தொடங்கி, விற்பனை நாளன்று அதிர்ஷ்டத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். தங்கும் அறையும் அப்படித்தான். சான் டியாகோவில் இடம் கிடைக்காதவர்களுக்கு வேறு ஊர்களும் இருக்கின்றன. வட கரோலினாவின் ஷார்லட் நகரில் 1982 முதல் நடக்கும் ஹீரோஸ்-கான், சினிமாக் கூச்சல் குறைந்து ஓவியர்களுக்கு முதலிடம் கொடுப்பதால் பெயர் பெற்றது.

படம் வரைந்து வாங்க விரும்பினால், பிடித்த ஓவியர் வருகிறாரா என்று முதலில் பட்டியலில் பாருங்கள். பலர் மாநாட்டுக்கு முன்பே இணையத்தில் முன்பதிவு வாங்கிவிடுவார்கள். மற்றவர்களிடம் முதல் நாள் காலையிலேயே பெயர் கொடுத்துவிட வேண்டும். மதியத்துக்குள் அவர்கள் பட்டியல் நிரம்பிவிடும். எந்த வருஷத்து உடை என்பதைத் தெளிவாகக் காட்டும் படத்தைக் கையோடு கொண்டுபோங்கள். முன்புறம் மட்டும் போதாது. சால்வை தோளில் எப்படி முடிகிறது, பெல்ட் எப்படி இருக்கிறது என்றும் ஓவியர் கேட்பார். ரொக்கம் வைத்திருப்பது நல்லது. ஒன்று மட்டும் வேண்டாம், பேரம். காய்கறிக் கடையில் கேட்பதுபோல 'கொஞ்சம் குறைச்சுக்கோங்க' என்றால் முகம் சுருங்கிவிடும். ஒரு முழு உருவத்துக்கு அவர் மணிக்கணக்கில் முதுகு வளைய வேண்டும்.

படத்தைச் சுருட்ட வேண்டாம். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து, விமானத்தில் கைப்பையோடு எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் வெயில் விழாத சுவரில் மாட்டுங்கள். மார்க்கர் மை வெளுத்துவிடும்.

நேரம் இருந்தால் ஊரையும் ஒரு சுற்று சுற்றலாம். பிராட்வே தெருவில் இருக்கும் யு.எஸ். கிராண்ட் ஹோட்டல் 1910-ல் திறக்கப்பட்டது. 1970 ஆகஸ்டில் காமிக்-கானின் முதல் மூன்று நாள் கூட்டம் அங்கேதான் நடந்தது. வந்தவர்கள் சுமார் 300 பேர். விருந்தினர்களில் ஒருவர் ஜாக் கிர்பி. அங்கிருந்து பார்த்தால் மேட்டின்மேல் தெரியும் எல் கார்ட்டெஸ், அந்தக் காலத்தில் பெரிய ஹோட்டல், இன்று குடியிருப்பு. 1970-களில் திருவிழா அங்கே வளர்ந்தது. கடலோர கன்வென்ஷன் சென்டருக்கு வந்தது 1991-ல். பல்போவா பூங்காவில் 2021-ல் திறந்த காமிக்-கான் மியூசியம் இருக்கிறது. ஜூலை மாதக் கூட்டம் வேண்டாம் என்பவர்கள் மற்ற மாதங்களில் அங்கே போகலாம்.

மூலையில் ஒரு கையெழுத்து

ஓவியர் சந்தில் படம் முடிந்ததும் ஓவியர் கடைசியாகக் கேட்பது, 'யார் பெயருக்கு எழுதட்டும்?' என்று. வாங்கி மறுநாளே இணையத்தில் லாபத்துக்கு விற்பவர்கள் பெயர் எழுதவிடுவதில்லை. பெயர் எழுதிய படத்துக்கு வெளியே விலை குறைவு. ஆசைக்காக வாங்குபவர்கள் பெயரைச் சொல்வார்கள். மகள் பெயரையோ, சிறுவயதில் காமிக்ஸ் வாங்கிக்கொடுத்த அப்பாவின் பெயரையோ.

பிறகு, மூலையில் அவர் தன் பெயரைப் போடுகிறார். ஷெல்டன் மோல்டாஃப் என்ற ஓவியர் 1953 முதல் 1967 வரை பேட்மேன் பக்கங்களை வரைந்துகொடுத்தார். அச்சானது பாப் கேன் பெயரில். யார் வரைந்தார் என்று படித்த குழந்தைகளுக்குத் தெரியவே தெரியாது. வயதான காலத்தில் அவர் மாநாடுகளுக்கு வந்தார். ரசிகர்கள் கேட்ட பழைய அட்டைப்படங்களைத் திரும்ப வரைந்தார். அவற்றின் மூலையில் எழுதியது தன் சொந்தப் பெயரை. 2012-ல், 91 வயதில் அவர் இறந்தபோது, அந்தப் படங்கள் பல வீட்டுச் சுவர்களில் தொங்கிக்கொண்டிருந்தன.